ரேச்சல் கார்சன் (1907 - 1964)

 இந்த மாதம் நான் எழுதுவது ரேச்சல் கார்சன் என்ற அமெரிக்கப் பெண்மணியைப் பற்றி. இவர் ராணியும் இல்லை, நோபல் பரிசும் வாங்கவில்லை. ஆனால் நம்ம எல்லார் ரத்தத்துக்கும் இவருக்கும் ஒரு சம்பந்தம் இருக்கிறது. அது என்னன்னு போகப் போகத் தெரியும்.

1907 மே 27-ல் பென்சில்வேனியா மாநிலத்தில் ஸ்பிரிங்டேல் என்ற ஊரில் பிறந்தார். அப்பாவுக்கு நிலம் இருந்தது, பணம்தான் இல்லை. அம்மா மரியா கல்யாணத்துக்கு முன்னால் டீச்சராக இருந்தவர். மகளைக் காட்டுக்குள் கூட்டிப்போய்ப் பறவைகளையும் பூச்சிகளையும் காட்டுவார். ரேச்சல் எழுதிய முதல் கதை 1918-ல் குழந்தைகள் பத்திரிகை ஒன்றில் அச்சாகி வந்தது. அப்போது வயசு 11தான்! ஏழாம் வகுப்புத் தங்கச்சிகள் கவனிக்கவும். நம்ம சுவர்ப் பத்திரிகைக்குக் கேட்டால் மட்டும் ஓடி ஒளிகிறீர்கள்.

காலேஜில் முதலில் ஆங்கிலம் படித்தார், பிறகு உயிரியலுக்கு மாறினார். ஃபீஸ் கட்ட அம்மா வீட்டுப் பொருட்களை விற்றாராம். கடலைப் பற்றிச் சின்ன வயசிலிருந்தே ஆசை. ஆனால் கடலை முதல்முதலாகப் பார்த்தது 1929-ல், 22 வயசில். 1932-ல் விலங்கியலில் முதுகலைப் பட்டம் பெற்றார். 1935-ல் அப்பா இறந்தார். 1937-ல் அக்காவும் இறந்துபோக, அக்காவின் இரண்டு பெண் குழந்தைகளும் இவர் பொறுப்பில் வந்தார்கள். மீன்வளத் துறையில் அரசு வேலை பார்த்துக்கொண்டே இரவில் உட்கார்ந்து எழுதினார். 1951-ல் கடலைப் பற்றி எழுதிய புத்தகம் அமோகமாக விற்றது. அதன் பிறகுதான் வேலையை விட்டார். கல்யாணம் செய்துகொள்ளவே இல்லை. 1957-ல் அக்கா மகளும் இறந்தபோது அவருடைய 5 வயசுப் பையனைத் தத்து எடுத்துக்கொண்டார். ஒருத்தர் தலையில் எத்தனை பாரம் பாருங்கள்.

இனிதான் முக்கியமான கட்டம். அந்தக் காலத்தில் டிடிடி என்ற பூச்சிமருந்தை எல்லாரும் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள். அது பூச்சியைக் கொல்லும் என்று கண்டுபிடித்த பால் முல்லருக்கு 1948-ல் நோபல் பரிசு கொடுத்தார்கள். மலேரியா, டைஃபஸ் காய்ச்சல்களிலிருந்து நிறையப் பேரைக் காப்பாற்றியது. அதை மறுக்க முடியாது. எங்க ஆயா சின்னப் பிள்ளையாக இருந்தப்போ வீட்டுச் சுவரில் வெள்ளையாக அடித்துவிட்டுப் போவார்களாம். ஆனால் அமெரிக்காவில் விமானத்தில் வைத்துக் காடு, வயல், ஊர் என்று பார்க்காமல் தூவினார்கள். 1958 ஜனவரியில் மாசசூசெட்ஸ் மாநிலத்திலிருந்து ஒரு தோழி, மருந்து தூவிய பிறகு தன் வீட்டருகே பறவைகள் செத்துக் கிடந்ததை எழுதினார். அதிலிருந்து நாலு வருஷம் ரேச்சல் ஆராய்ச்சிக் கட்டுரைகளாகத் தேடித் தேடிப் படித்தார்.

அவர் சேர்த்ததில் ஒன்றைச் சொல்கிறேன். கலிபோர்னியாவில் கிளியர் லேக் என்று ஒரு ஏரி. கொசு மாதிரிப் பூச்சியை ஒழிக்க டிடிடி-க்கு நெருங்கிய சொந்தமான இன்னொரு மருந்தைக் கலந்தார்கள். தண்ணீரில் 10 லட்சம் பங்கில் 0.02 பங்குதான். ஆனால் நுண்ணுயிர் மிதவைகளில் 5 பங்கு இருந்தது. அதைத் தின்ற மீனில் இன்னும் அதிகம். மீனைத் தின்ற முக்குளிப்பான் பறவையின் கொழுப்பில் 1600 பங்கு! இந்த மருந்து தண்ணீரில் கரையாது, கொழுப்பில்தான் போய்ச் சேரும். அதனால் ஒன்றை ஒன்று தின்னத் தின்ன ஏறிக்கொண்டே போகிறது. அந்த வரிசையில் கடைசியில் நிற்பது நாம்தான். மருந்தைக் கையால் தொடாத சாதாரண ஜனங்களின் உடல் கொழுப்பிலேயே 5.3 முதல் 7.4 பங்கு வரை இருந்ததை அவர் புத்தகத்தில் எடுத்துக் காட்டினார். விவசாயத் தொழிலாளிகளுக்கு 17.1.

'மௌன வசந்தம்' என்ற அந்தப் புத்தகம் 1962 செப்டம்பரில் வந்தது. கம்பெனிக்காரர்கள் கொதித்துப் போனார்கள். வழக்குப் போடுவோம் என்று பதிப்பகத்தை மிரட்டினார்கள். பொம்பளைக்கு என்ன தெரியும் என்கிற மாதிரியெல்லாம் பேசினார்கள். இத்தனைக்கும் மருந்தே கூடாது என்று அவர் சொல்லவில்லை. கண்ணை மூடிக்கொண்டு அடிக்காதீர்கள் என்றுதான் சொன்னார். அவருக்கு அப்போது மார்பகப் புற்றுநோய். 1960-லேயே ஆபரேஷன் ஆகிவிட்டது. அதை வெளியில் சொன்னால் தன் வியாதியால்தான் இப்படி எழுதுகிறாள் என்பார்களே என்று மறைத்து வைத்தார். 1963 மே மாதம் ஜனாதிபதி கென்னடியின் அறிவியல் குழு அறிக்கை அவர் பக்கம் நின்றது. 1964 ஏப்ரல் 14-ல் 56 வயசில் இறந்துபோனார். 1972-ல் அமெரிக்கா வயல்களில் டிடிடி அடிப்பதைத் தடை செய்ததை அவர் பார்க்கவில்லை.

இப்போ ரத்தத்துக்கு வருகிறேன். 1976-லிருந்து 1980 வரை அமெரிக்க அரசு ஆயிரக்கணக்கான சாதாரண ஆட்களின் ரத்தத்தை எடுத்துச் சோதித்தது. கையிலிருந்து ரத்தம் எடுத்து, சுழற்றி, மேலே தெளியும் சீரத்தைப் பிரித்து, அதிலுள்ள மருந்தை ஒரு கருவியில் ஆவியாக்கி அளப்பார்கள். 100 கோடியில் ஒரு பங்கு இருந்தாலும் காட்டிவிடும். அதாவது 50,000 லிட்டர் தண்ணீர்த் தொட்டியில் ஒரு சொட்டு மை! தடை வந்து வருஷங்கள் ஆகியும் ஏறக்குறைய எல்லார் ரத்தத்திலும் டிடிடி சிதைந்து உண்டாகும் டிடிஇ இருந்தது. 1999-லிருந்து தொடர்ந்து செய்த சோதனைகளில் அளவு நன்றாகக் குறைந்திருக்கிறது. ஆனால் தடைக்கு அப்புறம் பிறந்த பிள்ளைகளிடமும் கொஞ்சம் இருந்தது. இருப்பதாலேயே நோய் வரும் என்று அர்த்தமில்லை. எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்தால்தான் கூடுகிறதா குறைகிறதா என்று சொல்ல முடியும்.

இப்போ அடிக்கிற மருந்துகளில் பல ரத்தத்தில் ரொம்ப நாள் தங்காது, சிறுநீரில்தான் தேட வேண்டும். எங்க அப்பா கத்தரிக்கு அடிப்பது எந்த வகை என்று தெரிந்துகொள்ள காலி டப்பாவின் பெயரை நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். அறிவியல் டீச்சரிடம் திங்கட்கிழமை காட்ட வேண்டும்.

- ஒன்பதாம் வகுப்பு மாணவி