எஸ்பெராண்டோ மொழி தந்த மருத்துவர் சமன்ஹோவ்

பதுளையிலும் அதைச் சூழ்ந்த தோட்டங்களிலும் வளர்ந்த நமக்கு ஒரே மொழியில் ஒரு நாளைக் கழித்த பழக்கம் இல்லை. லயத்தில் தமிழ், சந்தையில் சிங்களம், தோட்டத்துக் கந்தோரில் ஆங்கிலம். தமக்கு வந்த கடிதத்தை வாசித்துச் சொல்ல ஆள் தேடி நின்ற பெரியவர்களை நாம் கண்டிருக்கிறோம். ஆதலின், மொழிப் பிணக்கைத் தீர்க்கவென்றே ஒரு மொழியைப் படைத்த லுட்விக் சமன்ஹோவின் வரலாறு நம் கல்லூரியின் விழா மலரில் இடம்பெறுதல் பொருந்தும் எனக் கருதுகிறோம்.

அன்னார் 1859 டிசம்பர் 15ஆம் நாள், அக்காலத்தில் ரஷ்யப் பேரரசுக்கு உட்பட்டிருந்த பியாலிஸ்டொக் நகரில், யூதக் குடும்பமொன்றிற் பிறந்தார். யூதர், போலியர், ரஷ்யர், ஜெர்மானியர் என நால்வகை மக்கள் அங்கே வாழ்ந்தனர். ஒருவர் மொழி மற்றவர்க்கு ஆகாது. தந்தையோ மொழியாசிரியர். வார்சோவிற் பயின்ற காலத்தில், 1878இல், தாம் புனைந்த மொழியின் முதல் வடிவத்தைப் பள்ளித் தோழருடன் கூடிக் கொண்டாடினார். தந்தைக்கு இது பிடிக்கவில்லை. மகன் மருத்துவம் கற்க மாஸ்கோவுக்குச் சென்றதும் ஏடுகளைத் தீயிலிட்டார் என்பர். மகன் மீண்டும் எழுதினார்.

கண் மருத்துவராகிய பின், 1887இல், மணமகள் கிளாராவின் சீதனப் பணத்தைக் கொண்டு முதல் நூல் வெளிவந்தது. நம்பிக்கையுடையோன் எனப் பொருள்படும் எஸ்பெராண்டோ என்பது அவர் பூண்ட புனைபெயர். அதுவே மொழிக்கும் பெயராயிற்று. மொழியின்மீது தமக்கு எவ்வுரிமையும் வேண்டாமென்று அந்நூலிலேயே துறந்துவிட்டார்.

இலக்கணம் பதினாறே விதிகள். நன்னூற் சூத்திரங்களை மனனஞ் செய்து களைத்த நம்மவர்க்கு இது வியப்பாகத் தோன்றும். பெயரெல்லாம் ஓகாரத்தில் முடியும்: புத்தகம் லிப்ரோ, பன்மையில் லிப்ரோய், ஐ உருபின் பொருளில் லிப்ரோன். புத்தகம் வாங்கினான் என்று நாம் உருபைத் தொகுத்துச் சொல்லலாம். அங்கே அதற்கு இடமில்லை. வினையோ மிக எளிது. கற்றற்பொருளில் நிகழ்காலம் லேர்னாஸ், இறந்தகாலம் லேர்னிஸ், எதிர்காலம் லேர்னோஸ். நான், அவன், அவர்கள் என யார் கற்பினும் வினைமுற்று மாறாது. திணை பால் காட்டும் விகுதிக்கு வேலையே இல்லை. பொனா நல்லது; மல் என்னும் ஒட்டுச் சேரின் மல்பொனா, தீயது. லேர்னேயோ கற்கும் இடம், அதாவது பள்ளி. ஒட்டு மேல் ஒட்டாகச் சொல் வளரும் இம்முறை தமிழ் மாணவர்க்குப் புதிதன்று. சொற்களின் வேர்கள் பெரும்பாலும் ஐரோப்பாவுக்குரியன என்பதே நமக்குள்ள இடர்; அதனை மறைத்தல் நேர்மையாகாது.

1905இல் பிரான்சின் போலோன் நகரில் முதல் உலக மாநாடு கூடியது. வந்தோர் 688 பேர். மொழிபெயர்ப்பாளர் இன்றியே அளவளாவினர். மறு ஆண்டு யூன் மாதம், பிறந்த ஊராகிய பியாலிஸ்டொக்கிலேயே யூதர் கொன்று குவிக்கப்பட்டனர். 1983 யூலையில் பதுளை நகர் எரியக் கண்ட நம்மனோர்க்கு அச்செய்தியை விரித்துரைக்க வேண்டுவதில்லை. கொன்றவருட் பலர்க்கு அயலாரின் மொழி தெரிந்தேயிருந்திருக்கும். மொழியறிவு மட்டும் கையைத் தடுக்கவில்லை. சமன்ஹோவ் இதனை உணர்ந்தார் போலும். அவ்வாண்டு ஜெனீவா மாநாட்டில் அக்கொடுமையை வெளிப்படையாகப் பேசினார்; இனமும் சமயமும் கடந்த மனிதநேயக் கொள்கை ஒன்றையும் அக்காலத்தே வகுத்தார். மொழியை அரசியலினின்றும் சமயத்தினின்றும் விலக்கி வைக்க விரும்பிய அன்பர் சிலர்க்கு அது உவப்பாயில்லை. நாம் அவர் பக்கமே நிற்போம்.

வார்சோவின் ஏழை மக்களுக்குக் குறைந்த கூலிக்கு மருத்துவம் பார்த்தே வாழ்ந்தார். 1914இல் பாரிஸ் மாநாட்டுக்குப் புறப்பட்டவரை உலகப் போர் வழியிலேயே திருப்பியது. 1917 ஏப்ரல் 14இல் காலமானார். மகன் ஆதாம் 1940இல் நாஜிகளாற் சுடப்பட்டார். புதல்வியர் சோபியா, லிடியா இருவரும் 1942இல் திரெப்லிங்காக் கொலைமுகாமில் மாண்டனர். போலோன் மாநாட்டில் மாற்றலாகாதென ஏற்கப்பட்ட அப்பதினாறு விதிகளே இன்றும் அம்மொழிக்கு அடிப்படையாய் உள்ளன.