ஆட்டுப் பாலில் ஒளிந்திருந்த காய்ச்சல்

கொடைக்கானல் மலையில் உள்ள பள்ளங்கியானாலும் சரி, அடிவாரத்தில் உள்ள பழனியானாலும் சரி, பால் வந்ததும் தாய்மார்கள் அதை அடுப்பில் ஏற்றிவிடுவார்கள். பச்சைப் பாலைப் பிள்ளைகளுக்குக் கொடுக்க மாட்டார்கள். பச்சைப் பாலையே குடித்து வந்த ஒரு தீவு பட்ட பாடு கொஞ்சமல்ல. அந்தத் தீவு மால்டா. இத்தாலிக்குத் தெற்கே கடலில் இருக்கிறது. அங்கே பரவிய காய்ச்சலோடு ஒட்டிக்கொண்ட பெயர், டேவிட் புரூஸ்.

புரூஸ் 1855-ம் ஆண்டு ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் நகரில் பிறந்தார். பெற்றோர் ஸ்காட்லாந்துக்காரர்கள். அவருக்கு ஐந்து வயதானபோது குடும்பம் ஊர் திரும்பியது. பள்ளிப் படிப்பை விட்டுவிட்டு, மான்செஸ்டரில் ஒரு கிட்டங்கியில் வேலை பார்த்தார். பெரிய விளையாட்டு வீரராக வேண்டும் என்பது அவர் ஆசை. பதினேழாவது வயதில் நிமோனியா வந்து அந்த ஆசையைக் கெடுத்தது. பிறகு படித்து, 1881-ல் டாக்டர் ஆனார். 1883-ல் மேரி எலிசபெத்தை மணந்தார். ராணுவத்தில் சேர்ந்து 1884-ல் மால்டாவுக்குப் போனார். மனைவியும் உடன் போனார்.

போகும், திரும்ப வரும்

அங்கே இருந்த பிரிட்டிஷ் சிப்பாய்களை ஒரு காய்ச்சல் வாட்டிக்கொண்டிருந்தது. சில நாள் அடிக்கும், விட்டுவிடும், திரும்பவும் வரும். இரவில் உடம்பு வியர்த்துக் கொட்டும். மூட்டுகள் வலிக்கும். மாதக்கணக்கில் படுக்கையில் கிடப்பார்கள். துறைமுகத்துச் சாக்கடை நாற்றம்தான் காரணம் என்று பலர் நம்பினார்கள்.

புரூஸ் நாற்றத்தை நம்பவில்லை. காய்ச்சலில் இறந்த சிப்பாயின் மண்ணீரலை எடுத்துச் சோதித்தார். 1887-ல் நோய்க் கிருமியைத் தனியே வளர்த்துக் காட்டினார். ஆனால் அந்தக் கிருமி மனிதன் உடம்புக்குள் எந்த வழியாக நுழைந்தது? அது தெரியாமலே 1889-ல் மால்டாவை விட்டுப் புறப்பட்டார்.

பிறகு ஆப்பிரிக்கா. ஜூலுலாந்தில் மாடுகளைக் கொன்ற நோயை ஆராய்ந்தார். ஒரு வகை ஈ அந்த நோயைப் பரப்புவதையும், காட்டு மிருகங்கள் நோய் தெரியாமலே கிருமியைச் சுமப்பதையும் கண்டுபிடித்தார். மேரியும் பக்கத்தில் இருந்து உழைத்தார். ஆராய்ச்சிக்கு வேண்டிய படங்களை வரைந்து கொடுத்தார்.

நோயில்லாத நோயாளி

1904-ல் மால்டா காய்ச்சலை ஆராய ஒரு கமிஷன் அமைந்தது. புரூஸ் அதன் தலைவர். தூசி, தண்ணீர், கொசு எல்லாவற்றையும் சோதித்தார்கள். ஆட்டை மட்டும் யாரும் சந்தேகிக்கவில்லை. மால்டாவில் ஆடுகளை வீட்டு வாசலுக்கே ஓட்டி வந்து பால் கறந்து கொடுப்பார்கள். ஆடுகள் கொழுகொழுவென்று இருந்தன. அவற்றுக்குக் காய்ச்சல் இல்லை, சோர்வு இல்லை. அவற்றின் மீது யாருக்குத்தான் சந்தேகம் வரும்?

கமிஷனில் இருந்த மால்டா டாக்டர் தெமிஸ்டோக்ளிஸ் சம்மிட், 1905 ஜூனில் ஆறு ஆடுகளின் ரத்தத்தைச் சோதித்தார். ஐந்து ஆடுகளின் ரத்தத்தில் நோயின் அடையாளம் இருந்தது! மேலும் பல ஆடுகளைச் சோதித்தார்கள். ஏறக்குறையப் பாதி ஆடுகளுக்கு அந்த நோய் தொற்றியிருந்தது. பத்தில் ஒரு ஆடு பாலோடு கிருமியையும் கொடுத்துக்கொண்டிருந்தது.

இதில் ஒரு சூது உண்டு. கிருமி எல்லா ஆட்டுப் பாலிலும் ஒரே மாதிரி வருவதில்லை. சில ஆடுகள் மூன்று மாதம் வரை விடாமல் இறக்கும். சில ஆடுகள் சில நாள் இறக்கி, நிறுத்தி, மீண்டும் தொடங்கும். இன்று சோதித்துச் சுத்தம் என்று சொன்ன பாலில் அடுத்த வாரம் கிருமி இருக்கலாம். பாலின் நிறமோ ருசியோ மாறாது. ஒரே ஒரு சோதனையை நம்பினால் ஏமாந்துவிடுவோம்.

அதே ஆண்டில் மால்டா ஆடுகளை ஏற்றிக்கொண்டு, அமெரிக்காவுக்கு அனுப்புவதற்காக ஒரு கப்பல் புறப்பட்டது. வழியில் மாலுமிகள் ஆட்டுப் பாலை ஆசையாகக் குடித்தார்கள். பலர் அதே காய்ச்சலில் விழுந்தார்கள். இதைவிட நல்ல சாட்சி வேண்டுமா?

1906-ல் சிப்பாய்களுக்கு ஆட்டுப் பால் கொடுப்பதை நிறுத்தினார்கள். ராணுவத்தில் காய்ச்சல் மளமளவென்று குறைந்தது. ஊர் மக்கள் பழக்கத்தை விடவில்லை. அவர்களைக் காய்ச்சலும் விடவில்லை. ஆட்டைக் கண்டுபிடித்தவர் சம்மிட். ஆனால் கிருமிக்குப் புரூசின் பெயரால் 'புருசெல்லா' என்று பெயர் வந்தது. சம்மிட்டுக்கு இது நியாயமில்லை.

இந்தக் கிருமிக் குடும்பம் இந்தியாவிலும் உண்டு. நம் மாடுகளில் இது உண்டாக்கும் நோயைக் கன்று வீச்சு நோய் என்பார்கள். சினை மாடு காலம் வருவதற்கு முன்பே கன்றை வீசிவிடும். வீசிய கன்றிலும் நஞ்சுக்கொடியிலும் கிருமி ஏராளமாக இருக்கும். வெறுங்கையால் தொடக் கூடாது. 2019-ல் மத்திய அரசு தொடங்கிய திட்டத்தில், நாலு முதல் எட்டு மாதமுள்ள கிடாரிக் கன்றுகளுக்குத் தடுப்பூசி போடுகிறார்கள். ஆயுளில் ஒரு முறை போட்டால் போதும்.

புரூஸ் 1908-ல் சர் பட்டம் பெற்றார். தம் வேலையில் பாதி மேரியுடையது என்பதை அவர் மறைத்ததில்லை. 1931 நவம்பர் 23-ந் தேதி மேரி காலமானார். நாலாம் நாள் லண்டனில் மனைவியின் இறுதிச் சடங்கு நடந்துகொண்டிருந்தபோது, டேவிட் புரூசின் உயிரும் பிரிந்தது.