மரி ரோலே யாருடைய மகள்?



திருமுழுக்குச் சான்று கேட்டு வருபவரிடம் நாம் முதலில் கேட்பது தந்தை பெயர், தாய் பெயர். இந்த இரண்டும் தெரியாமலே ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகள் போற்றப்பட்ட ஒரு தாய் உண்டு. கனடாவின் கியூபெக்கில் குடியேறி மண்ணை உழுது வாழ்ந்த முதல் பிரெஞ்சுக் குடும்பம் என்று கருதப்படும் குடும்பத்தின் தலைவி, மரி ரோலே.

இவருடைய கணவர் லூயி எபேர் பாரிசில் மருந்து தயாரித்து விற்றவர். 1617-ல் மூன்று பிள்ளைகளோடும் மரியின் சகோதரர் குளோதோடும் இவர்கள் புறப்பட்டார்கள். கப்பலேறும் துறைமுகத்தில், வணிகக் குழுவினர் பேசிய சம்பளத்தைப் பாதியாகக் குறைத்துவிட்டார்கள். வீட்டை விட்டு வந்தாயிற்று, என்ன செய்வது? ஒப்புக்கொண்டு கப்பலேறினார்கள். மூத்த மகள் அன்னா சில ஆண்டுகளில் பேறுகாலத்தில் இறந்தார். 1627-ல் பனிக்கட்டியில் விழுந்து எபேரும் இறந்தார். 1629-ல் மரி, கியோம் உபூ என்பவரை மணந்தார்.

இவர் பாரிஸ்காரர் என்று மட்டுமே வெகுகாலம் சொல்லப்பட்டு வந்தது. 1918-ல் கியூபெக்கில் எபேருக்கு நினைவுச்சின்னம் எழுப்பி, அதில் பிள்ளைகளோடு மரிக்கும் சிலை வைத்தபோதும் பெற்றோர் பெயர் தெரியாது. பாரிஸ் பங்குகளின் பழைய பதிவேடுகளோ 1871 மே மாதக் கலவரத் தீயில் சாம்பலாகிவிட்டன. ஆனால் பத்திரம் எழுதுவோரின் கட்டுகள் தப்பின. அவற்றுள் 1601-ஆம் ஆண்டுத் திருமண ஒப்பந்தம் ஒன்று கிடைத்தது. தந்தை ழான் ரோலே, தாய் ஆன் கோகு என்று இன்று நாம் அறிவது இத்தகைய ஏடுகளால்தான். எபேரை மணக்கும்போதே மரி ஒரு கைம்பெண், கொம்பியேன் ஊர் வணிகர் பிரான்சுவா துஃபேயின் மனைவியாக இருந்தவர் என்பதும் அப்போதுதான் வெளிவந்தது. மூன்று முறை மணமுடித்தவரை எத்தனையோ பேர் இரண்டு மணம் என்றே எழுதி வைத்தார்கள்! கோவில் ஏடு காக்க முடியாததைச் சொத்து விவகாரம் எழுதிய தாள் காத்தது என்பது நமக்குச் சற்று வெட்கமே.

கியூபெக்கிலும் இதே கதைதான். 1640 ஜூன் 14 அன்று அங்கிருந்த சிற்றாலயம் எரிந்தது, பதிவேடுகளும் எரிந்தன. பிறகு மக்களின் நினைவிலிருந்து திருமுழுக்குகளையும் திருமணங்களையும் மீண்டும் எழுதினார்கள். அப்போது மரி உயிரோடு இருந்தார். பலருக்கு ஞானத்தாயாக நின்ற அவரிடமும் கேட்டிருப்பார்கள் என்றே நாம் எண்ணுகிறோம்.

1629-ல் ஆங்கிலேயர் கியூபெக்கைப் பிடித்தபோது குருக்கள் வெளியேற, மரியின் குடும்பம் அங்கேயே தங்கியது. 1632 ஜூலையில் இயேசு சபை அருள்பணியாளர் பவுல் லெ ழேன் வந்திறங்கி, மரியின் வீட்டில்தான் திருப்பலி நிறைவேற்றினார். மூன்று ஆண்டுகளாகத் திருப்பலி காணாத அந்தக் குடும்பம் கண்ணீர் விட்டு அழுதது.

அதே ஆண்டில் மரியின் மருமகன் கியோம் குய்யாரிடம் ஒரு சிறுவன் ஒப்படைக்கப்பட்டான். ஆங்கிலேயர் கொண்டுவந்த ஆப்பிரிக்க அடிமைச் சிறுவன். மடகாஸ்கரைச் சேர்ந்தவன் என்பார்கள். 1633-ல் ஒலிவியே என்ற பெயரில் திருமுழுக்குப் பெற்றான். அவனுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்த குருவின் பெயரே பின்னாளில் அவனுடைய குடும்பப் பெயராயிற்று. 1654 மே மாதம் அவன் அடக்கம் செய்யப்பட்டான். மரி அதற்கு ஐந்து ஆண்டுகள் முன்னரே, 1649 மே 27 அன்று, அதே ஊர் மண்ணில் அடக்கம் செய்யப்பட்டிருந்தார். மரியின் தாய்க்கு ஆன் கோகு என்ற பெயர் திரும்பக் கிடைத்துவிட்டது. ஒலிவியேயின் தாய் பெயரை எந்தத் துறைமுகத்திலும் யாரும் கேட்டு எழுதவில்லை.