யார் இந்த ராபர்ட் புரூஸ் ஃபூட்? பல்லாவரத்தில் அவர் எடுத்த ஒரு கல்லு ஏன் இவ்வளவு முக்கியம்?

பல்லாவரம்னு சொன்னாலே வெள்ளிக்கிழமை சந்தைதான் ஞாபகத்துக்கு வரும். பழைய பொருள் சேகரிப்பவர்கள் தேடி வரும் இடம். அதே ஊரில், 1863 மே 30-ம் தேதி, 28 வயது ஆங்கிலேயர் ஒருவர் சரளைக் குழியில் கிடந்த ஒரு கல்லை எடுத்தார். இந்தியாவில் பழைய கற்கால மனிதன் வாழ்ந்தான் என்பதை உலகத்துக்குச் சொன்னது அந்தக் கல்லுதான்.

அவர் பெயர் ராபர்ட் புரூஸ் ஃபூட். 1834-ல் இங்கிலாந்தின் செல்டன்ஹாமில் பிறந்தவர். 1858-ல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் சேர்ந்தார். பாறையையும் மண்ணையும் பார்த்து வரைபடம் தயாரிப்பதுதான் வேலை. வில்லியம் கிங்குடன் சேர்ந்து சேலம், திருச்சி, தஞ்சாவூர், தென்னாற்காடு பகுதிகளின் நிலவியல் பற்றி எழுதிய அறிக்கை 1864-ல் வெளியானது. நம்ம பண்ருட்டி அப்போ தென்னாற்காடு மாவட்டம்தான். பலாவும் முந்திரியும் விளையும் அந்தச் செம்மண் பூமியின் பாறையை நிலவியலில் இன்றும் கடலூர் மணற்கல் என்றே சொல்கிறார்கள்.

சரி, சும்மா கிடக்கிற கல்லையும் ஆயுதத்தையும் எப்படிப் பிரிச்சுப் பார்ப்பது?

தானாக உடைந்த கல்லில் சில்லுகள் கண்டபடி தெறித்திருக்கும். கைக்கோடரி அப்படி இல்லை. இரண்டு பக்கமும் தட்டித் தட்டிச் சில்லு எடுத்த தடம் வரிசையாகத் தெரியும். ஓரம் கூராக இருக்கும். பிடிக்கிற பக்கம் தடிமனாக, மொத்தத்தில் நீர்த்துளி வடிவம். பிரான்ஸில் கிடைத்த இதேபோன்ற கற்கள் மனிதன் செய்தவைதான் என்று 1859-ல் பிரிட்டிஷ் அறிஞர்கள் ஏற்றுக்கொண்டிருந்தார்கள். அது தெரிந்ததால்தான் ஃபூட் இங்கேயும் தேடினார். அதே ஆண்டு செப்டம்பரில், இன்றைய திருவள்ளூர் மாவட்டத்தின் அத்திரம்பாக்கத்தில் அவருக்கும் கிங்குக்கும் மேலும் பல கருவிகள் கிடைத்தன.

கல்லு எடுப்பது பெரிய விஷயமில்லை. எந்த ஊர், எந்த ஆற்றங்கரை, எந்த மண் அடுக்கு என்று எழுதி வைத்தாரே, அதுதான் அவரைச் சாதாரண சேகரிப்பாளர்களிடமிருந்து பிரிக்கிறது. அந்தக் குறிப்பு இருந்ததால்தான் பின்னால் வந்தவர்கள் அதே இடத்தைத் தேடிப் போக முடிந்தது. அத்திரம்பாக்கம் கருவிகள் சுமார் 15 லட்சம் ஆண்டு பழமையானவை என்று 2011-ல் அறிவிக்கப்பட்டது.

பழங்கால வில்லைத் தேடுபவர்களுக்கும் இவர் வேண்டியவர்தான். மரமும் நாணும் மக்கிப் போயிடும். மிஞ்சுவது கல் முனை மட்டும். தென்கோடியில் சாயர்புரம் தேரி மணலில் சின்னச் சின்னக் கல் சில்லுகளை முதலில் கவனித்தவர் ஃபூட். இந்த மாதிரி நுண்கற்கருவிகளை அம்பு நுனியில் பொருத்தியிருக்கலாம் என ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

தமிழ் படித்தவர்களுக்கு ஒரு சுவாரசியம்: இவருடைய மாமனார் பீட்டர் பெர்சிவல். யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரைக் கூட வைத்துக்கொண்டு பைபிளைத் தமிழாக்கினாரே, அவரேதான்!

1891-ல் ஓய்வு பெற்று ஏற்காட்டில் குடியேறினார் ஃபூட். தேடலை மட்டும் விடவில்லை. வாழ்நாள் சேகரிப்பு கடல் தாண்டிப் போகவும் இல்லை. 1904-ல் சென்னை அருங்காட்சியகம் அதை வாங்கியது. ஒவ்வொரு பொருளுக்கும் விவரம் எழுதிய அட்டவணை அச்சாகி வந்தது 1914-ல். அதைப் பார்க்க அவர் இல்லை. 1912 டிசம்பர் 29-ம் தேதி கல்கத்தாவில் இறந்துவிட்டார். அஸ்தி ஏற்காடு தேவாலயத்தில் இருக்கிறது. அவர் சேர்த்த கற்கள் எழும்பூரில் இருக்கின்றன.