வாளும் எழுதுகோலும்

பட்டுத்தறிகளின் ஒலியும் திருக்கோயில்களின் மணியோசையும் நிறைந்த காஞ்சிமாநகர், ஒருகாலத்தில் பீரங்கி முழக்கத்தையும் கேட்டது. அம்முழக்கத்தை எழுப்பியவர் ஐதர் அலி.

ஐதர், கோலாரை அடுத்த பூதிகோட்டையில் படைத்தலைவர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். இளமையிலேயே தந்தையை இழந்தார். எழுதப் படிக்கக் கற்கும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை. ஆயினும், கேட்டதை மறவாத நினைவாற்றல் அவருக்கு வாய்த்திருந்தது. திருமுகங்களைப் பிறர் படிக்கக் கேட்டு, உடனுக்குடன் விடை எழுதுவிப்பார். 1761-இல் மைசூர் ஆட்சியைத் தம் கையில் கொண்டார். 1769-இல் சென்னையின் வாயில்வரை சென்று, ஆங்கிலேயரை உடன்படிக்கைக்கு இணங்கச் செய்தார். இடர் நேர்ந்தால் ஒருவர்க்கொருவர் உதவுவது அதன் விதிகளுள் ஒன்று. பின்னர் மராட்டியர் மைசூரைத் தாக்கியபோது ஆங்கிலேயர் உதவினாரல்லர். அச்சினம் ஐதரின் உள்ளத்தில் ஆறாதிருந்தது.

1780-இல் அவர் பெரும்படையுடன் ஆர்க்காட்டுச் சீமையுள் புகுந்தார். ஊர்கள் எரிந்தன, குடிமக்கள் அல்லலுற்றனர். காஞ்சியில் தங்கியிருந்த தளபதி ஹெக்டர் மன்ரோவுடன் சேர்வதற்குக் கர்னல் பெய்லி வடக்கிலிருந்து விரைந்தார். செப்டம்பர் 10-ஆம் நாள், காஞ்சிக்கு அண்மையிலுள்ள புள்ளலூரில் ஐதரும் அவர் மைந்தர் திப்புவும் பெய்லியை வளைத்துக்கொண்டனர். பெய்லியின் வெடிமருந்து வண்டிகள் தீப்பற்றி வெடித்தன. அவர் படை அழிந்தது, எஞ்சியோர் சிறைப்பட்டனர். மன்ரோ தம் பெரும் பீரங்கிகளைக் காஞ்சியின் குளமொன்றில் தள்ளிவிட்டுச் சென்னைக்குப் பின்வாங்கினார்.

போர் இத்துடன் முடியவில்லை. 1781-இல் பரங்கிப்பேட்டையில் ஐதர் தோல்வியுற்றார். 1782 நவம்பரில் பெய்லி சீரங்கப்பட்டணத்துச் சிறையில் மாண்டார். டிசம்பர் 7-ஆம் நாள் சித்தூருக்கு அருகில் ஐதரும் உயிர்நீத்தார்.

புள்ளலூரில் வென்றவர் எழுத அறியார், தோற்றவரோ எழுதினர். உணவுப்பொருள்களைக் கைவிட்டுக் காஞ்சியினின்று பெயர இயலவில்லை என்று மன்ரோவின் தரப்பில் காரணம் கூறப்பட்டது. அவர் படையிலிருந்த கேப்டன் இன்னஸ் மன்ரோ, 1789-இல் அப்போரைப் பற்றி நூல் வெளியிட்டார். 1784-இல் சிறைமீண்டோரின் துயர வரலாறுகளும் அச்சேறின. இவற்றைப் படித்தோர் மனத்தில் வண்டிகள் வெடித்ததும் உதவி வாராததுமே பெரிதாகப் பதிந்தன. ஐதரின் விரைவும் சூழ்ச்சித்திறனும் பின்னுக்குச் சென்றன.

திப்புவோ, அவ்வெற்றியைச் சீரங்கப்பட்டணத்துத் தரியா தௌலத் மாளிகையின் சுவரில் ஓவியமாகத் தீட்டுவித்தார். அதில் பெய்லி சிவிகையில் அமர்ந்திருப்பதை இன்றும் காணலாம். நூல் தோற்றவர் கூற்று; ஓவியம் வென்றவர் கூற்று. வீடிழந்து வயலிழந்த உழவர்க்கும் நெசவாளர்க்கும் நூலுமில்லை, ஓவியமுமில்லை. வரலாறு கற்போர் இம்மூவரையும் நெஞ்சிற்கொண்டு உண்மையை ஆராய்தல் வேண்டும்.