சிதைந்த முகங்களை மீட்ட வைத்தியர் ஹரோல்ட் கில்லீஸ்

ஷெல் துண்டுகள் முகத்தைச் சிதைத்தால் என்னவாகும் என்பது எமது மக்களுக்குத் தெரியும். அத்தகைய முகங்களைச் சீரமைக்கும் நவீன சத்திரசிகிச்சைக்கு முதலாம் உலகப்போரில் அடித்தளமிட்டவர் ஹரோல்ட் கில்லீஸ்.

1882இல் நியூசிலாந்தில் பிறந்த இவர், இங்கிலாந்தில் காது, மூக்கு, தொண்டை வைத்தியராக இருந்தவர். 1915இல் பிரான்ஸ் சென்றபோது தாடை சிதைந்த சிப்பாய்களைக் கண்டார். நாடு திரும்பி, 1916இல் அல்டர்ஷொட் இராணுவ வைத்தியசாலையில் முகக்காயங்களுக்கெனத் தனி விடுதி தொடங்கினார். சோம் சமரின்போது 200 பேரை எதிர்பார்த்த இடத்துக்கு சுமார் 2,000 பேர் வந்தார்கள்.

1917இல் சிட்கப்பில் தனி வைத்தியசாலை திறக்கப்பட்டது. நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் இல்லாத காலம். கிருமி தொற்றினால் ஒட்டவைத்த தோல் அழுகிவிடும். கில்லீஸ் நெஞ்சுத் தோலின் ஒரு முனையை உடலிலேயே விட்டு, குழாய்போலச் சுருட்டித் தைத்து, மறுமுனையை முகத்தில் பொருத்தினார். இரத்த ஓட்டம் தடைப்படவில்லை, தொற்றும் குறைந்தது. நெற்றித் தோலால் மூக்கு அமைக்கும் பழைய இந்திய முறையையும் கையாண்டார்.

ஒருவருக்கே பல தடவை சத்திரசிகிச்சை தேவைப்பட்டது. ஊரார் அதிர்ச்சியடையாதிருக்க, நோயாளிகள் அமரும் வீதியோர வாங்குகளுக்கு நீல வர்ணம் பூசப்பட்டது. வைத்தியசாலைக்குள்ளேயே தொழிற்பயிற்சியும் வழங்கப்பட்டது. முகம் திரும்பினாலும் பிழைக்க வழி வேண்டுமே.

1930இல் சேர் பட்டம் பெற்ற கில்லீஸ், 1960இல் காலமானார். போர் 1918இல் முடிந்தது. சிட்கப்பில் சத்திரசிகிச்சைகள் 1925 வரை நீடித்தன. 5,000க்கும் மேற்பட்டோருக்கு 11,000க்கும் அதிகம். துப்பாக்கிகள் மௌனித்த நாளோடு காயப்பட்டவர்களுக்கான கடமை முடிந்துவிடாது என்பதற்கு அந்த ஏழு வருடங்களே சாட்சி.