கொதிகலனுக்குள் ஒரு ஈயத் தக்கை

கம்பம் பள்ளத்தாக்குல வெள்ளைக்கார இன்ஜினியர் ஒருத்தர் கதைன்னாலே எல்லாரும் பென்னிகுக்கிடம்தான் போவாங்க. அவர் பிறந்தநாளுக்குப் பொங்கல் வைக்கிற ஊர், அதில் தப்பில்லை. ஆனா இந்த இதழில் உங்களுக்கு வேற ஒருத்தரை அறிமுகப்படுத்துறேன். இந்தப் பக்கம் கால் வைக்காதவர். ஆனாலும் 1928இல் மதுரையிலிருந்து தேனி வழியா போடிக்கு ரயில் வந்தப்போ, நீராவி என்ஜினோட சேர்ந்து அவர் மூளையும் வந்தது. பெயர் ரிச்சர்ட் ட்ரெவிதிக்.

1771இல் இங்கிலாந்தின் கார்ன்வாலில் பிறந்தார். அப்பா சுரங்க மேலாளர். பள்ளியில் பையன் தேறவில்லை. வாத்தியார் சொன்ன வழியில் கணக்குப் போடமாட்டான், ஆனா விடை மட்டும் சரியா வரும். ஆறடிக்கு மேல் உயரம், மல்யுத்தக்காரர் உடம்பு. சுரங்கத்தில் ஊறும் தண்ணீரை இறைக்க அப்போ ஜேம்ஸ் வாட்டின் பிரம்மாண்டமான குறைந்த அழுத்த என்ஜின்கள்தான் இருந்தன. 1800இல் வாட்டின் காப்புரிமை முடிந்தது. ட்ரெவிதிக் உயர் அழுத்த நீராவியைக் கையில் எடுத்தார். என்ஜின் சின்னதாச்சு, சக்கரம் வைத்து ஓட்டலாம்னு ஆச்சு.

1801 கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள், கேம்போர்ன் ஊர் மேட்டில் ஆட்களை ஏற்றிக்கொண்டு அவர் நீராவி வண்டி ஏறியது. சில நாளில் அது வழியில் பழுதாகி நின்றது. ஒரு கொட்டகையில் விட்டுவிட்டு எல்லாரும் வாத்துக்கறி சாப்பிடப் போய்விட்டார்கள். அடுப்பை அணைக்கவில்லை. தண்ணீர் வற்றி, கொதிகலன் பழுத்து, வண்டியே எரிந்துபோனது.

அது சிரித்துக் கடக்கக்கூடிய நஷ்டம். 1803 செப்டம்பரில் கிரீனிச்சில் நடந்தது அப்படியில்லை. அங்கே தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்த அவருடைய என்ஜினைப் பார்த்துக்க வேண்டிய பையன் விலாங்கு மீன் பிடிக்கப் போயிருந்தான். பாதுகாப்பு வால்வு திறக்க முடியாமல் கிடந்தது. கொதிகலன் வெடித்து 4 பேர் செத்தார்கள். வாட்டின் கம்பெனி சும்மா இருக்குமா? உயர் அழுத்தமே எமன் என்று பேச ஆரம்பித்தது.

ட்ரெவிதிக் கவனக்குறைவு என்று சொல்லி ஒதுங்கிவிடவில்லை. ஒன்றுக்கு இரண்டு வால்வு வைத்தார். கூடவே, நெருப்புக்கு நேர் மேலே இருக்கும் தகட்டில் துளை போட்டு அதை ஈயத்தால் அடைத்தார். அவ்வளவுதான் கண்டுபிடிப்பு! யோசிச்சுப் பாருங்க: ஈயம் உருகுவது 327 டிகிரி செல்சியஸில். 10 பார் அழுத்தத்தில்கூட தண்ணீர் சுமார் 180 டிகிரியில் கொதிக்கும். அதனால் தகட்டின் மேல் தண்ணீர் நிற்கும்வரை ஈயம் உருகாது. மட்டம் இறங்கினால் தகடு சூடேறி, ஈயம் உருகி, நீராவி சீறிக்கொண்டு நெருப்பின் மேல் பாயும். விலாங்கு பிடிக்கப் போனவனுக்கும் அந்தச் சத்தம் கேட்கும். மனுஷனை நம்பாத பாதுகாப்பு. நம்மூர் ரயில்வேக்காரங்க ‘லெட் ப்ளக்’னு சொன்னது இதைத்தான்.

அவர் போட்டது வெறும் ஈயம். பிறகு வந்தவர்கள் உலோகக் கலவைக்குப் போனார்கள். ஈயம் 327, வெள்ளீயம் 232. ஆனா 63 பங்கு வெள்ளீயத்தில் 37 பங்கு ஈயம் சேர்த்தால் 183 டிகிரியிலேயே உருகிவிடும். லேபில் நாம சால்டரிங் பண்றது இதை வைத்துதான். பிஸ்மத்தும் காட்மியமும் சேர்ந்த உட் உலோகம் சுமார் 70 டிகிரியில், அதாவது வெந்நீரிலேயே உருகும். பஞ்சாலைக் கூரையில் தொங்குற ஸ்பிரிங்க்ளரில் இந்த வகைக் கலவையால் ஒட்டிய இணைப்பு உண்டு; தீ சூட்டில் ஒட்டு விட்டதும் தண்ணீர் கொட்டும். வீட்டுக் குக்கர் மூடியின் சேஃப்டி வால்விலும் இதே சமாச்சாரம்தான். அது ஊத்திக்கிச்சுன்னா புதுசு வாங்குங்க. போல்ட்டு வைத்து அடைத்தால் கிரீனிச் கதைதான்.

1804 பிப்ரவரி 21 அன்று வேல்ஸின் பெனிடாரனில், ஒரு பந்தயத்துக்காக அவர் என்ஜின் 10 டன் இரும்பையும் 70 பேரையும் தண்டவாளத்தில் இழுத்துப் போனது. சுமார் 16 கிலோமீட்டருக்கு 4 மணி நேரம் 5 நிமிடம். உலகின் முதல் ரயில் பயணம் அது. ஆனா எடை தாங்காமல் தண்டவாளங்கள் உடைந்தன. 1808இல் லண்டனில் வட்டப் பாதை போட்டு, ஒரு ஷில்லிங் டிக்கெட்டுக்கு ரயில் ஓட்டினார், அதுவும் நிலைக்கவில்லை. தேம்ஸ் நதிக்கு அடியில் தோண்டிய சுரங்கத்தில் தண்ணீர் புகுந்தது. 1811இல் திவால்.

1816இல் பெரு நாட்டு வெள்ளிச் சுரங்கங்களுக்குக் கிளம்பினார். மனைவி ஜேன் பிள்ளைகளோடு இங்கேயே தவித்தது தனிக்கதை. என் கணக்கில் இதற்கு அவரை மன்னிக்க முடியாது. அங்கே போர் வந்து எல்லாம் போச்சு. கொலம்பியாவின் கார்டஜீனா துறைமுகத்தில் கையில் காசில்லாமல் நின்றவருக்கு ஊர் திரும்ப 50 பவுண்டு கொடுத்தது யார் தெரியுமா? ராபர்ட் ஸ்டீபன்சன். ரயிலின் தந்தை என்று நாம் படித்த ஜார்ஜ் ஸ்டீபன்சனின் மகன்.

1833 ஏப்ரல் 22, டார்ட்ஃபோர்டில் ஒரு விடுதி அறையில் இறந்தார். அடக்கச் செலவுக்குக்கூடப் பணமில்லை. கூட வேலை பார்த்த பட்டறைத் தொழிலாளிகள் காசு போட்டு, பாடையையும் தூக்கினார்கள். பிணத்தைத் தோண்டி விற்கும் திருடர்கள் இருந்த காலம் என்பதால், ராத்திரி கல்லறைக்குக் காவலும் வைத்தார்கள். கல்வெட்டு எதுவும் வைக்கவில்லை.